சருகு மக்கும் முறையும் உரம் செய்யும் வேலையும்



வெள்ளி விழாவில் கல்வியின் பெருமை குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். 1916-ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி கண்ட வரலாறு முதல் இன்றுவரை நம் மக்கள் கல்விக்காகப் பட்ட பாட்டை நமக்கு முன் பேசிய பெரியோர் நிறைவாக எடுத்துரைத்து விட்டனர். எனவே நாம் கல்வியைப் புகழாமல், கல்வியைக் கொண்டு ஒரு சிறு பொருளை ஆராய்ந்து காட்டலாம் என எண்ணுகிறோம். அந்தப் பொருள் சருகு. உதிர்ந்த இலை எவ்வாறு மக்குகிறது, உரமிட்டால் அது விரைந்து மக்குமா, மக்காதா என்பதே நம் பேச்சு.

விழா மேடையில் சருகைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் நகைக்கக் கூடும். இதைப் பேச நமக்குக் காரணம் உண்டு. இந்தப் பொருளில் நாம் ஒரு தவறு செய்தோம். அதை நம் மக்கள் முன்னிலையிலேயே ஒப்புக் கொள்ள விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் உரங்களைப் பற்றிய பாடம் நடந்தது. பண்ணுருட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, முந்திரிச் சருகு மேலே யூரியாவைத் தூவினால் சீக்கிரம் மக்கிப் போகுமா?" என்று கேட்டாள். நாம் சிறிதும் எண்ணிப் பாராமல், "மக்கும் அம்மா. மக்கச் செய்கிற நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன்தானே உணவு" என்று விடை கூறி அடுத்த பாடத்திற்குச் சென்று விட்டோம். அம்மாணவியின் தந்தையார்க்கு அரசு ஒப்படை செய்த முக்கால் ஏக்கர் செம்மண் நிலமும் அதில் சில முந்திரி மரங்களும் உண்டு. மகள் சொன்னதை நம்பி, ஆடி கழிந்து முதல் மழை பெய்ததும் இரண்டு மூட்டை யூரியாவைக் கடனுக்கு வாங்கிச் சருகின் மீது தூவினார். பங்குனியில் கொட்டை பொறுக்கும் காலம் வந்தது. சருகு கணுக்கால் அளவுக்கு அப்படியே கிடந்தது. பள்ளிக்கு வந்த அவர் நம்மீது குறை கூறவில்லை. "ஐயா சொன்னபடிதான் செய்தோம். எங்கே பிசகிற்று என்று தெரிந்து கொண்டு போகலாம் என்று வந்தேன்" என்றார். உரம் மானிய விலையில் கிடைப்பதே எனினும், அவருக்கு அது கூலிப் பணம். ஆசிரியர் அரைகுறையாகச் சொன்ன விடைக்கு விலை கொடுத்தவர் ஒரு கூலித் தொழிலாளி. அன்றிலிருந்து இந்தப் பொருளைத் தேடிப் படிக்கலானோம். படித்ததைச் சொல்லுகிறோம்.

முதலில், மக்குதல் என்பது யாது? இலை தானே மண்ணாகி விடுவதில்லை. மண்புழு, கறையான், மரவட்டை முதலியவை அதைக் கடித்துத் துண்டாக்குகின்றன. மழைநீர் அதிலுள்ள கரையும் பொருள்களைக் கழுவி எடுத்துச் செல்லுகிறது. எஞ்சியதைப் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் தம் உடலிலிருந்து நொதிகளைச் சுரந்து கரைத்து உண்கின்றன. அவை உண்டு கழித்ததும் இறந்துபட்டதுமே நாம் மக்கு என்று அழைக்கும் கருமண்ணின் பெரும் பகுதி. எனவே மக்குதல் என்பது உயிர்கள் செய்யும் வேலை. வேலை செய்வோர்க்கு நீரும் காற்றும் உணவும் வேண்டும்.

அந்த உணவில் நைட்ரஜனின் இடம் பெரிது. நம் உழவர் அதைத் தழைச்சத்து என்றும், பாஸ்பரசை மணிச்சத்து என்றும், பொட்டாசியத்தைச் சாம்பல்சத்து என்றும் அழைக்கின்றனர். பொருளும் பயனும் பெயரிலேயே விளங்குகின்றன. நுண்ணுயிரின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் பத்துப் பங்கு கரியே உள்ளது. வைக்கோலிலோ ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 60 பங்குக்கு மேல் கரி உள்ளது. ஆகவே வைக்கோலைப் பச்சையாக உழுது விட்டால், நுண்ணுயிர்கள் தமக்குக் குறையும் தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக் கொள்கின்றன. பயிர் மஞ்சளடித்து நிற்கிறது. இதைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே பலர் இருக்கின்றீர்கள்.

பச்சை இலைக்கும் சருகுக்கும் உள்ள வேற்றுமையையும் அறிய வேண்டும். இலையை உதிர்க்குமுன் மரம் அதிலுள்ள தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியைத் திரும்ப எடுத்துக் கொள்கிறது. ஆகவே பச்சைத் தழை வளம் மிகுந்தது. சருகு வளம் குறைந்தது. நம் பாட்டன்மார் கொழுஞ்சி, புங்கு, பூவரசு, எருக்கு ஆகியவற்றின் தழையை வெட்டி, கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து, முழங்கால் சேற்றில் மிதித்தார்கள். எந்தத் தழை நடவுக்கு எத்தனை நாள் முன்பு இறங்க வேண்டும், எந்தத் தழை சேற்றில் கரையாமல் நாற்றின் காலைக் குத்தும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம் தந்தையார் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து முகர்ந்து, "இன்னும் நான்கு நாள் போகட்டும்" என்பார். அந்த அறிவின் பயன் பிறர் களத்தில் நெல்லாகக் குவிந்தது. அறிந்தவர்க்குக் கிடைத்தது படி நெல். அறிவு என்று அதை எவரும் ஏட்டில் எழுதவில்லை. வேலை என்று மட்டுமே எழுதினார்கள்.

இனி உரத்திற்கு வருவோம். மேல்நாட்டில் தொழிற்சாலைப் புகையாலும் வாகனப் புகையாலும் காற்றில் கலந்த நைட்ரஜன் மழையுடன் காடுகளில் இறங்குகிறது. காடு கேளாமலேயே அதற்கு உரம் இடப்படுகிறது எனலாம். இதனால் என்ன நேரும் என்று அறிய, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹார்வர்டு காட்டில் 1988 முதல் ஒரு சோதனை நடந்து வருகிறது. ஓக் முதலிய வன்மரங்கள் நிறைந்த பகுதியில் சில துண்டு நிலங்களுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 50 கிலோவும், வேறு சிலவற்றுக்கு 150 கிலோவும் நைட்ரஜன் இட்டார்கள். சிலவற்றுக்கு ஒன்றும் இடவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, உரமிட்ட வன்மரக் காட்டு மண்ணில் கரிப்பொருள் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. மக்குவது விரைவுபடுவதற்கு மாறாக மந்தப்பட்டிருந்தது. நம் வகுப்பறை விடைக்கு இது நேர் எதிர்.

இதன் காரணத்தை 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு விளக்குகிறது. அதில் மென்மையான டாக்வுட் இலையையும் கடினமான ஓக் இலையையும் எடுத்து, நைட்ரஜன் இட்டும் இடாமலும் மக்க விட்டார்கள். மென்மையான இலை உரத்தால் விரைந்து மக்கியது. கடினமான இலை உரத்தால் தாமதித்தது. ஒரே உரம், இரண்டு இலை, இரண்டு விளைவு. 2005-இல் வெளியான, பல ஆய்வுகளை ஒன்று திரட்டி நோக்கிய கட்டுரையும் இவ்வாறே முடிவு கூறிற்று: லிக்னின் குறைந்த இலைக்கு நைட்ரஜன் ஊக்கம், லிக்னின் மிகுந்த இலைக்கு நைட்ரஜன் தடை.

லிக்னின் என்பது மரத்திற்கும் தடித்த இலைக்கும் உறுதி தரும் பொருள். செல்லுலோஸ் என்னும் நார்களின் இடையே அது சாந்து போல் பூசப்பட்டிருக்கிறது. அதை உடைக்கும் ஆற்றல் சில பூஞ்சைகளுக்கே சிறப்பாக உண்டு. உடைப்பதற்குச் செலவு மிகுதி, வரவு குறைவு. அப்படியிருந்தும் ஏன் உடைக்கின்றன? உள்ளே பூட்டிக் கிடக்கும் செல்லுலோசையும் நைட்ரஜனையும் அடையவே. குதிருக்குள் நெல் இருந்தால் பசித்தவன் குதிரின் வாயைப் பெயர்ப்பான். நெல்லை வாசலிலேயே கொட்டி விட்டால் எவன் பெயர்ப்பான்? நைட்ரஜன் எளிதாகக் கிடைக்கும்போது இப்பூஞ்சைகளுள் பல, லிக்னினை உடைக்கும் நொதியைச் சுரப்பதைக் குறைத்துக் கொள்கின்றன. 1970-களிலேயே ஆய்வுக் கூடங்களில் இது கண்டறியப்பட்டது. மேலும், பாதி உடைந்த லிக்னினுடன் நைட்ரஜன் சேர்ந்து இன்னும் கடினமான பொருள்களும் உண்டாகின்றன.

ஆகவே மக்குதலில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் எளிய பொருள்கள் கரைகின்றன. அங்கே உரம் துணை நிற்கும். பிற்கட்டத்தில் லிக்னின் எஞ்சுகிறது; அங்கே மிகுதியான உரம் குறுக்கே நிற்கும். நாம் வகுப்பில் கூறியது முதற்கட்டத்திற்குப் பொருந்தும் உண்மை. பாதி உண்மையை முழு உண்மையாகக் கூறியதே நம் பிழை.

இங்கே ஒரு கேள்வி எழும். "தென்னை நார்க்கழிவில் லிக்னின் மிகுதி அல்லவா? அதை மக்க வைக்க யூரியா இடச் சொல்லுகிறார்களே?" நியாயமான கேள்வி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும், அத்துடன் சிப்பிக் காளான் வித்தும் இடப் பரிந்துரைக்கிறது. நார்க்கழிவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் நூறு பங்கு கரி இருப்பதால், ஓரளவு நைட்ரஜன் இன்றிக் காளான் வாழவே இயலாது. சிப்பிக் காளானோ நைட்ரஜன் இருக்கும்போதும் லிக்னினை உடைக்கும் இயல்புடையது. மேலும் அங்கே அளவு உண்டு, ஈரம் காக்கப்படுகிறது, வேலை செய்யும் உயிரே கையால் இடப்படுகிறது. முந்திரித் தோப்பில் இவற்றுள் ஒன்றும் இல்லை. காய்ந்த சருகின் மேல் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றில் போயிருக்கும். ஒரு பகுதி மழையில் கரைந்து மண்ணுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

இந்த விஞ்ஞானத்திற்கு மாசசூசெட்ஸ் வரை செல்ல வேண்டுமா? நம் கடலூர் மாவட்டத்திலேயே இதற்கு இரண்டு பெரிய சான்றுகள் உள்ளன.

ஒன்று நெய்வேலி. அங்கே தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நின்ற காடு. மரமும் இலையும் நீர் தேங்கிய சதுப்பில் வீழ்ந்தன. காற்று இல்லாமையால் லிக்னினை உடைக்கும் உயிர்கள் வேலை செய்ய இயலவில்லை. மக்காமல் எஞ்சிய அந்தப் பொருளே அழுத்தமும் வெப்பமும் பட்டு நிலக்கரியாயிற்று. லிக்னைட், லிக்னின் ஆகிய இரு பெயர்களும் மரம் எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை. அந்த நெய்வேலியிலேயே ஒரு காலத்தில் யூரியாவும் செய்யப்பட்டது. அத்தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டது.

மற்றொன்று பிச்சாவரம். சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்திற்கும் கொள்ளிட முகத்திற்கும் இடையில், சுமார் 1,100 ஹெக்டேரில் இந்த அலையாத்திக் காடு நிற்கிறது. கண்டலும் சுரபுன்னையும் தில்லையும் அங்கே வளர்கின்றன. தில்லை என்பது முதலில் ஒரு மரத்தின் பெயர் என்பதை இளைஞர் அறிய வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. எந்தத் தில்லையைக் காண வேண்டும் என்று நந்தனார் ஏங்கினாரோ, அந்தத் தலத்தின் பெயர் இந்தச் சதுப்பு மரத்தின் பெயரே.

பிச்சாவரத்தில் இலை நீரில் உதிர்கிறது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக் கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தார், கண்டல் இலையையும் சுரபுன்னை இலையையும் வலைப் பைகளில் இட்டு நீரில் மூழ்க வைத்து, நாள் கணக்கிட்டு எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மக்கும் இலையின் மீது காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் அசட்டோபேக்டர் முதலிய நுண்ணுயிர்கள் பெருகுவதையும், அவ்விலைகளை நாடி இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் திரளுவதையும் கண்டார்கள். உதிர்ந்தபோது சத்துக் குறைந்திருந்த இலை, மக்க மக்க நுண்ணுயிரின் உடலால் சத்து மிகுந்த உணவாகிறது. கழிமுகத்து நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களின் அடுப்பு, அந்த இலை மக்குவதை நம்பியே எரிகிறது.

அதே காட்டிற்கு உப்பனாற்றின் வழியாகவும் கான்சாகிப் வாய்க்காலின் வழியாகவும் நெல் வயல்களின் வடிகால் நீர் வந்து சேருகிறது. வயலில் பயிர் எடுத்துக் கொள்ளாத உரம் அந்நீரில் கரைந்து வருகிறது. பிச்சாவரத்துச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களின் வேலையை மனிதர் செயல்கள் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை ஆராய்ந்த கட்டுரைகளும் வெளிவந்துள்ளன. வரப்பைத் தாண்டிப் போகும் உரம் நமக்கு வீண் செலவு. கீழே வாழ்பவர்க்கு அது கேளாமல் வந்த மாற்றம். இரண்டையும் சுமப்பவர் பெரும்பாலும் ஏழைகளே.

இனி, அந்தத் தந்தையார்க்கு நாம் என்ன விடை கூறினோம்? முதலில் மன்னிப்புக் கேட்டுக் கொண்டோம். பின்னர் நான்கு செய்திகளைச் சொன்னோம். அவற்றை உங்களுக்கும் சொல்லுகிறோம்.

ஒன்று, சருகைக் கொளுத்தக் கூடாது. கொளுத்தினால் சாம்பல்சத்து எஞ்சும். தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொட்டை பொறுக்கத் தரை தெளிவாக இருக்க வேண்டும் என்றால், சருகைக் கூட்டி மரத்தடி வட்டத்திற்கு வெளியே குழியில் இடலாம்.

இரண்டு, முந்திரிச் சருகு தோல் போன்று தடித்தது. அதைத் தனியே இடாமல், கொழுஞ்சி அல்லது புங்கந் தழை ஓர் அடுக்கு, சருகு ஓர் அடுக்கு, சாணக் கரைசல், சிறிது தோட்ட மண் என மாற்றி மாற்றி இட வேண்டும். ஈரம் காத்து, மாதம் ஒருமுறை புரட்டிக் காற்றுப் படச் செய்ய வேண்டும். மென்தழையிலிருந்து தழைச்சத்து மெல்ல வரும். சாணமும் மண்ணும் வேலையாட்களைக் கொண்டு வரும்.

மூன்று, யூரியாவின் 46 விழுக்காடு நைட்ரஜன். அது மருந்து போன்றது. அளவறிந்து, ஈரமறிந்து, பயிரின் வேரருகே இட வேண்டும். சருகை மக்க வைக்க அதை அள்ளித் தூவுவது பொருந்தாது.

நான்கு, உரம் வாங்குமுன் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். 2015 முதல் மண்வள அட்டை வழங்கப்பட்டு வருகிறது. நம் மக்களில் நிலம் உடையோர் சிலரே. அச்சிலரும் அட்டை கேட்டு அலுவலகப் படி ஏறத் தயங்குகின்றனர். படித்த பிள்ளை ஒருவன் உடன் சென்றால் அந்தத் தயக்கம் தீரும். கல்விக் கழகத்து இளைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த தொண்டு வேறென்ன?

அந்தத் தோப்பில் சருகைத் தடுத்தது யூரியாதான் என்று நாம் அடித்துச் சொல்ல மாட்டோம். ஏனெனில் யூரியா தூவாத சருகை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பீடு இல்லாத இடத்தில் விஞ்ஞானம் இல்லை. ஆகவே மறு ஆண்டு பள்ளியில் ஒரு சோதனைக்கு அம்மாணவியிடமே பொறுப்பைத் தந்தோம். நீங்களும் உங்கள் ஊரில் செய்து பார்க்கலாம். முறை இதுதான்:

பழைய நைலான் கொசுவலையில் 48 சிறு பைகள் தைத்துக் கொள்ளுங்கள். 24 பைகளில் உலர்ந்த புங்கஞ் சருகும், 24 பைகளில் உலர்ந்த முந்திரிச் சருகும் பத்துப் பத்துக் கிராம் நிறுத்து இடுங்கள். ஒவ்வொன்றிலும் பாதிப் பைகளுக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் யூரியா கரைத்துத் தெளியுங்கள். மறுபாதிக்கு அதே அளவு வெறும் நீர். எல்லாவற்றையும் ஒரே மரநிழலில், ஒரே ஆழத்தில் மண்ணுக்குள் வையுங்கள். 15, 30, 60, 90 ஆகிய நாட்களில் ஒவ்வொரு வகையிலும் மும்மூன்று பைகளை எடுத்து, மண்ணைத் தட்டி, உலர்த்தி, நிறுத்துக் குறித்து வையுங்கள். எது விரைந்தது, எது தாமதித்தது என்பதை உங்கள் கண்ணே சொல்லும். எம்மை நம்ப வேண்டியதில்லை, தராசை நம்புங்கள்.

அம்மாணவி அந்தக் குறிப்பேட்டை இன்றும் வைத்திருக்கிறாள். அவள் இப்போது வேளாண்மை படிக்க வேண்டும் என்கிறாள். அவளுடைய தந்தையார் முதலில் தயங்கினார். "மண்ணிலிருந்து தப்பிக்கத்தானே ஐயா படிக்க வைக்கிறோம்?" என்றார். அந்தக் கேள்வியின் வலி நமக்குத் தெரியும். சேற்றில் மிதித்த காலின் புண்ணை நாமும் வீட்டில் கண்டவர்களே. நாம் கூறிய விடை இது: "மண்ணில் பிறர்க்கு அடிமையாய் உழைத்ததிலிருந்து தப்ப வேண்டும். மண்ணைப் பற்றிய அறிவிலிருந்து தப்ப வேண்டியதில்லை. அது நம் முன்னோர் சேர்த்த சொத்து. பத்திரம் இல்லாத சொத்து. நம் மகள் அதற்குப் பத்திரம் எழுதட்டும்."

இளைஞர்களே, சிதம்பரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் வேளாண்மைப் புலம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் இருக்கிறது. உத்தியோகம் என்றால் எழுதும் மேசை மட்டுமே என்று எண்ணாதீர்கள். மண் பரிசோதனைக் கூடத்திலும், காட்டிலும், கழிமுகத்திலும் நம் பிள்ளைகள் ஆய்வாளராய் நிற்க வேண்டும். அங்கே நின்று ஓர் ஏழை உழவர் கேட்கும் கேள்விக்கு விடை கூறும்போது, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குக் கூறுங்கள். அளந்து பார்த்துக் கூறுங்கள். நம் போன்ற ஆசிரியர்களுக்கும் இதே விண்ணப்பம். நாம் ஒரு சொல் தவறிச் சொன்னால், அதற்கு யாரோ ஒருவர் ஒரு வாரக் கூலியைக் கொடுக்க நேரிடும்.